ஒரே ஃபைலுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: நிக்ஸ்ஓஎஸ் வந்த கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க லேப்டாப் திடீர்னு செத்துப் போச்சுன்னு வைங்க. போட்டோ, பாட்டு, டாக்குமெண்ட் எல்லாம் பேக்கப்ல பத்திரமா இருக்கு. புது லேப்டாப்பும் கைக்கு வந்தாச்சு. அதைப் பழைய லேப்டாப் மாதிரியே வேலை செய்ய வைக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?

எனக்கு ஒரு வாரம் ஆச்சு. இத்தனைக்கும் என் லேப்டாப் சாகக்கூட இல்ல. இந்த பாட்காஸ்ட்டை ரெண்டு வருஷமா ஒரு லினக்ஸ் லேப்டாப்லதான் எடிட் பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா மைக் வேலை செய்யல, தமிழ் டைப்பிங்கும் வரல. அடுத்த நாள் எபிசோட் போகணும். அந்த மைக் இத்தனை நாள் வேலை செஞ்சதே, எப்பவோ எங்கேயோ பார்த்து நான் டெர்மினல்ல அடிச்ச ஏதோ ஒரு கமாண்டாலதான். எந்தக் கமாண்ட்? எனக்கு ஞாபகம் இல்ல. கொடுமை என்னன்னா, கம்ப்யூட்டருக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷம் நான் செய்த மாற்றங்கள் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஆனா என்னென்ன மாற்றம், எதுக்காக செஞ்சது என்று சொல்ல யாரும் இல்ல.

இந்த மறதியை ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் தேடியவர்களின் கதைதான் இன்னைக்கு எபிசோட். கதையின் முக்கியமான பகுதி நெதர்லாந்தில் நடக்கிறது. ஆனால் கொஞ்சம் முன்னாடியிருந்து ஆரம்பிக்கணும்.

எல்லோருக்கும் ஒரே டப்பா

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டது 1991-ல். 1993-ல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். சாஃப்ட்வேரைத் தேடித் தேடி நாமே இறக்கிக் கட்டமைக்கிற வேலையைக் குறைக்க, பேக்கேஜ் மேனேஜர் என்ற ஏற்பாடு வந்தது. பேரைச் சொன்னால் போதும், அதுவே கொண்டுவந்து போட்டுவிடும்.

எங்கே போடும் என்பதுதான் விஷயம். யுனிக்ஸ் காலத்துப் பழக்கப்படி, புரோகிராம்கள் எல்லாம் ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். அந்தப் புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிகள் இன்னொரு பொது ஃபோல்டரில் இருக்கும். டிஸ்க் இடமும் மெமரியும் விலை அதிகமாக இருந்த காலத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஒரே லைப்ரரியைப் பத்து புரோகிராம் பயன்படுத்தினால், எதுக்குப் பத்து பிரதி?

பேச்சிலர் ரூம்ல இருந்தவங்களுக்கு இதோட சிக்கல் உடனே புரியும். அஞ்சு பேருக்கும் சேர்த்து சாம்பார் பொடிக்கு ஒரே டப்பா. ஒருத்தன் தன் ஊர்ப் பொடியைக் கொண்டுவந்து அதே டப்பாவில் கொட்டிவிட்டான் என்றால், அன்னைக்கு ராத்திரி அஞ்சு பேர் சாப்பாடும் மாறிடும். லைப்ரரியும் அப்படித்தான். ஒரு புரோகிராமுக்காக அதன் பதிப்பை மாற்றினால், அதே லைப்ரரியை நம்பியிருந்த இன்னொரு புரோகிராம் காரணமே தெரியாமல் படுத்துவிடும். விண்டோஸ் உலகத்தில் இதற்கு 'டிஎல்எல் ஹெல்' என்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது.

அப்டேட் என்பது பழையதை அழித்து, அதே இடத்தில் புதியதை எழுதுவது. அதனால் பாதியில் கரண்ட் போனால் சிஸ்டம் பழையதாகவும் இருக்காது, புதியதாகவும் இருக்காது. திரும்பிப் போக வழியும் இருக்காது, ஏன்னா பழையது இப்போ எங்கேயும் இல்ல.

ஆட்டோவுக்கு வழி சொல்வது

வீட்டில் ஒரு லேப்டாப்புக்கே இந்தப் பாடு என்றால், நூறு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் நிலைமை என்ன? 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில், கோட்பாட்டு இயற்பியல் துறையில் மார்க் பர்ஜெஸ் இருந்தார். துறையின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையை எளிதாக்க அவர் எழுதிய கருவிதான் சிஎஃப்என்ஜின். அதன் அடிப்படை யோசனை இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லாதே. கடைசியில் சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்.

இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆட்டோவில் ஏறி, "நேரா போங்கண்ணா, சிக்னல்ல லெஃப்ட், அப்புறம் ரெண்டாவது ரைட்" என்று சொல்வது ஒரு வகை. அது நீங்க ஏறின இடத்திலிருந்து மட்டும்தான் சரியாக வரும். வேறொருவர் வேறு தெருவில் ஏறி அதையே சொன்னால், வேறெங்கோ போய் நிற்பார். "இந்த அட்ரஸுக்குப் போகணும்ணா" என்று சொல்வது இன்னொரு வகை. எங்கே ஏறினாலும் அட்ரஸ் மாறாது. முதல் வகைக்கு இம்பரேட்டிவ் என்று பெயர். இரண்டாவது வகைதான் டிக்ளரேட்டிவ். நாம டெர்மினல்ல அடிக்கிற கமாண்டுகள் எல்லாம் லெஃப்ட், ரைட் சொல்ற வகை.

சிஎஃப்என்ஜின் வழியில் பின்னால் பப்பெட், செஃப், ஆன்சிபிள் எல்லாம் வந்தன. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேர்கள் பழக்கமானவை. இவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தை எடுத்து, சொன்ன நிலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால், நீங்கள் எதைப் பற்றி எழுதினீர்களோ அதை மட்டும்தான் கவனிக்கும். நீங்கள் எழுதாத ஏதோ ஒரு ஃபைல் மூலையில் கிடந்து கெடுதல் செய்தால், அது அவற்றின் கண்ணில் படாது.

2002-ல் ஸ்டீவ் ட்ராகாட், லான்ஸ் பிரவுன் இருவரும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சிஸ்டம்களைப் பராமரிப்பதை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில், நாளாக நாளாக ஒவ்வொரு மெஷினும் தன் போக்கில் விலகிப் போகும். இரண்டாவதில், விலகியதைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்போம். மூன்றாவதில், எழுதி வைத்ததும் மெஷினில் இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அந்த மூன்றாவது நிலை வேண்டும் என்றால், எல்லா மெஷினிலும் ஒரே மாற்றங்களை ஒரே வரிசையில் செய்யுங்கள், வரிசை ரொம்ப முக்கியம் என்பது அவர்கள் வாதம்.

வரிசை என்ற பிரச்சினையே வராத மாதிரி செய்ய முடியுமா? அதற்கான பதில் அப்போது யூட்ரெக்டில் உருவாக ஆரம்பித்தது.

யூட்ரெக்ட், 2003

யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ரா என்ற ஆய்வு மாணவர் இருந்தார். அவருக்கு வழிகாட்டியவர் பேரும் ஏல்கோதான், ஏல்கோ விஸ்ஸர். குழப்பிக்காதீங்க. டோல்ஸ்ட்ரா 2003-ல் தொடங்கிய ஆய்வுக் கருவியின் பெயர் நிக்ஸ். டச்சு மொழியில் 'நிக்ஸ்' என்றால் 'ஒன்றுமில்லை'. ஒரு சாஃப்ட்வேரைக் கட்டும்போது, இது வேணும் என்று வெளிப்படையாக எழுதிய பொருட்களைத் தவிர வேறொன்றும் அதன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் பெயரின் காரணம். லத்தீனில் அதே சொல்லுக்குப் பனி என்று பொருள். நிக்ஸ்ஓஎஸ் லோகோவில் பனித்துகள் வடிவம் இருப்பது அதனால்தான்.

யோசனை கேட்பதற்கு எளிமையானது. பள்ளிக்கூடக் கணக்கில் ஃபங்ஷன் படிச்சிருப்போம். உள்ளே ஒரே எண்ணைப் போட்டால் வெளியே ஒரே விடை வரும். நேத்து போட்டாலும் இன்னைக்குப் போட்டாலும் அதே விடை. இந்த ஒழுக்கத்தை நம்பி புரோகிராம் எழுதும் முறைக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர். சாஃப்ட்வேர் கட்டுவதையும் அப்படி ஒரு ஃபங்ஷனாகப் பாருங்கள் என்றார் டோல்ஸ்ட்ரா. சோர்ஸ் கோட், கம்பைலர், லைப்ரரிகள், கட்டும் முறை இவை எல்லாம் உள்ளே போகின்றன. கட்டி முடித்த புரோகிராம் வெளியே வருகிறது.

உள்ளே போன எல்லாவற்றையும் சேர்த்து நிக்ஸ் ஒரு ஹாஷ் கணக்கிடும். கைரேகை மாதிரி, 32 எழுத்து நீளம். அந்தக் கைரேகையே ஃபோல்டரின் பெயரில் முதல் பகுதியாகிவிடும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறும், ஃபோல்டரும் வேறாகிவிடும். அதனால் ஒரே லைப்ரரியின் மூன்று பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கலாம். அவரவர்க்கு அவரவர் சாம்பார் பொடி டப்பா, மேலே பேர் எழுதி. எதையும் அழித்து எழுதுவது கிடையாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. டோல்ஸ்ட்ரா தன் ஆய்வேட்டில் டிஸ்க்கையும் மெமரியையும் ஒப்பிடுகிறார். சி மொழியில் எழுதியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். இன்னும் யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் மெமரியைத் தெரியாமல் விடுவித்துவிட்டால் புரோகிராம் காலி. இன்னொரு புரோகிராமுக்குத் தேவையான லைப்ரரியை அன்இன்ஸ்டால் பண்றதும் அதே தப்புதான் என்றார் அவர். ஜாவா மாதிரியான மொழிகள், எது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று தாமே கண்டுபிடித்து, மீதியைக் குப்பை என்று அள்ளிவிடும். நிக்ஸும் அதையே செய்கிறது. கட்டி முடித்த ஃபைலுக்குள் தேடும். இன்னொரு பேக்கேஜின் 32 எழுத்துக் கைரேகை உள்ளே கிடைத்தால், இதற்கு அது தேவை என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவு நீளமான எழுத்துக்கோவை தற்செயலாக வந்துவிடாது. யாருக்கும் தேவைப்படாதவற்றை மட்டும், நாம் கேட்கும்போது அள்ளிக் கொட்டிவிடும்.

இதைப் பற்றி டோல்ஸ்ட்ரா, மெரைன் டி யோங்க, விஸ்ஸர் மூவரும் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டோல்ஸ்ட்ராவின் முனைவர் பட்ட ஆய்வேடு 2006-ல் வந்தது.

ஒரு மாணவரின் ஆபரேட்டிங் சிஸ்டம்

அதுவரை நிக்ஸ் என்பது மற்ற லினக்ஸ்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கருவிதான். அதே 2006-ல் ஆர்மைன் ஹேமல் என்ற முதுகலை மாணவர் தன் ஆய்வுக்காக வேறொரு கேள்வி கேட்டார். ஒரு புரோகிராமை இப்படிக் கட்டலாம் என்றால், முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே ஏன் இப்படிக் கட்டக் கூடாது? கெர்னல், பின்னணியில் ஓடும் சேவைகள், அவற்றின் செட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து. அங்கே பிறந்ததுதான் நிக்ஸ்ஓஎஸ். 2008-ல் டோல்ஸ்ட்ராவும் ஆண்ட்ரெஸ் லோவும் எழுதிய கட்டுரை அதை ஆய்வுலகத்துக்கு முறையாக அறிமுகப்படுத்தியது.

இதன்படி உங்கள் முழு சிஸ்டமும் ஒரு ஃபைலின் விளைவு. அந்த ஃபைலுக்கு கான்ஃபிகரேஷன் டாட் நிக்ஸ் என்று பெயர். ஃபைலை மாற்றி, திரும்பக் கட்டு என்று சொன்னால், புது சிஸ்டம் ஒன்று பழையதன் பக்கத்தில் தயாராகும். முழுசாகத் தயாரான பிறகுதான் மாறும். ஒவ்வொரு முறை மாறும்போதும் அது ஒரு புதிய தலைமுறை. ஆங்கிலத்திலும் ஜெனரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வரும் மெனுவில் பழைய தலைமுறைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். புதியது சரியில்லையா, பழையதைத் தேர்ந்தெடு.

ட்ராகாட், பிரவுன் எழுப்பிய வரிசைச் சிக்கல் இங்கே காணாமல் போகிறது. எந்த மாற்றத்தை முதலில் செய்தீர்கள், எதை அடுத்து செய்தீர்கள் என்பது முக்கியமே இல்லை. இப்போது ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

நான் போட்டுப் பார்த்தேன்

அந்த ஒரு வார அவஸ்தைக்கு அப்புறம் நிக்ஸ்ஓஎஸ் போட முடிவு பண்ணினேன். 2022 மே மாதம் வந்த 22.05 பதிப்பிலிருந்து கிளிக் பண்ணிப் போடும் இன்ஸ்டாலர் உண்டு. ஆனா நான் பழைய வழியிலேயே போனேன். டிஸ்க்கைப் பிரிச்சு, ஒரு கமாண்ட் அடிச்சா, அது மெஷினைப் பார்த்து ரெண்டு ஃபைல் எழுதித் தரும். ஒன்று உங்க ஹார்ட்வேர் பற்றியது. இன்னொன்று நீங்க எழுத வேண்டியது.

நான் முதலில் எழுதிய வரி நேரமண்டலம்: ஆசியா, கொல்கத்தா. அப்புறம் டெஸ்க்டாப், ஆடியோ எடிட்டர், தமிழ் எழுத்துருக்கள். தமிழ்99 கீபோர்டுக்காக ஐபஸ், அதுக்குள்ள எம்17என். பழைய லேப்டாப்ல இந்தத் தமிழ் டைப்பிங்குக்கு எத்தனை இடத்தில் கை வைத்தேன் என்று எனக்கே தெரியாது. இங்கே நாலே வரி. பக்கத்திலேயே, இது எதுக்குன்னு ஒரு குறிப்பும் எழுதி வெச்சேன்.

ரெண்டாவது நாளே ஆடியோ செட்டிங் ஒன்றை மாற்றி சத்தத்தை நிறுத்திட்டேன். வழக்கமான பதற்றம் வந்தது. ரீஸ்டார்ட் பண்ணி, மெனுவில் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்துடுச்சு. நான் செய்தது தப்பு என்பதில் சந்தேகம் இல்ல. ஆனா அந்தத் தப்பு எந்த வரியில் இருக்குன்னு பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிஞ்சது. எனக்கு அதுதான் பெரிசா இருந்தது.

ஃபைலுக்குள் வராதவை

இதையெல்லாம் கேட்டுட்டு இன்னைக்கே லேப்டாப்பை அழிச்சுடாதீங்க. இதற்கான விலையையும் சொல்லிடறேன்.

முதல் விலை, நிக்ஸ் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளாமல் நாலு வரிக்கு மேல் போக முடியாது. அடுத்தது, மற்ற லினக்ஸ்களுக்காகத் தயாரித்த புரோகிராமை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே ஓடவிட்டால் பெரும்பாலும் ஓடாது. அது வழக்கமான பொது ஃபோல்டரில் லைப்ரரிகளைத் தேடும். இங்கே அந்த ஃபோல்டரே கிட்டத்தட்ட காலி. சுற்றுவழிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தலைமுறைகளை வைத்திருக்க டிஸ்க் இடமும் கணிசமாகப் போகும்.

மூன்றாவது கொஞ்சம் ஆழமான விஷயம். அந்த ஃபைல் உங்க சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும். உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லாது. உங்க போட்டோக்கள், டேட்டாபேஸில் சேர்ந்த தகவல்கள், பிரவுசரில் திறந்து வைத்த பக்கங்கள் எதுவும் அதில் இல்லை. பழைய தலைமுறைக்குத் திரும்பினாலும் நீங்கள் அழித்த கட்டுரை திரும்பி வராது. பாஸ்வேர்டை அந்த ஃபைலில் நேரடியாக எழுதவும் கூடாது. நிக்ஸ் சேமித்து வைக்கும் இடத்தை அந்த மெஷினில் இருக்கும் எல்லோரும் படிக்கலாம். அதனால் பேக்கப் எடுக்கும் பழக்கத்தை விட்டுடாதீங்க.

உங்க சொந்த ஹோம் ஃபோல்டரில் இருக்கும் செட்டிங்ஸைக்கூட நிக்ஸ்ஓஎஸ் முதலில் தொடவில்லை. எடிட்டர், ஷெல் போன்றவற்றின் செட்டிங்ஸையும் இதே முறையில் எழுத, 2017-ல் ஹோம் மேனேஜர் என்ற தனித் திட்டம் வந்தது. பயன்படுத்துபவர்களே ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து அடைத்துக்கொண்டு போனார்கள்.

எழுதாத விதிகள்

ஆய்வுக்கூடத்தில் பிறந்தது மெதுவாக வெளியே வந்தது. 2012-ல் லுடோவிக் கூர்டேஸ் இதே யோசனையை எடுத்து, ஸ்கீம் மொழியில் எழுதும் வகையில் குனூ கீக்ஸைத் தொடங்கினார். 2013 அக்டோபரில் நிக்ஸ்ஓஎஸ்ஸின் 13.10 பதிப்பு வெளியானது. 2015-ல் நெதர்லாந்தில் நிக்ஸ்ஓஎஸ் அறக்கட்டளை உருவானது. இன்று நிக்ஸின் பேக்கேஜ் தொகுப்பில் 80,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. இதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

2021 நவம்பரில் வந்த நிக்ஸ் 2.4 பதிப்பில் ஃபிளேக்ஸ் என்ற வசதி வந்தது. உங்கள் ஃபைல் எந்தத் தேதியிட்ட பேக்கேஜ் தொகுப்பை நம்பியிருக்கிறது என்பதையும் அது பூட்டி எழுதி வைத்துவிடும். அதை சோதனை வசதி என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் ஏராளமானோர் அன்றாட வேலைக்கே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். எது சோதனை, எது நிலையானது, அதை முடிவு செய்வது யார்? அந்தக் கேள்வி மெஷினை விட்டு மனிதர்களிடம் வந்து நின்றது.

2024-ல் அது வெடித்தது. ஸ்பான்சர்களை யார் தேர்ந்தெடுப்பது, சமூகத்துக்குள் வரும் தகராறுகளை யார் தீர்ப்பது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பெரிய சச்சரவு. அந்த ஏப்ரல் இறுதியில், அறக்கட்டளைக் குழுவிலிருந்து விலகுவதாக டோல்ஸ்ட்ரா அறிவித்தார். அதன் பிறகு சமூகத்தினர் சிலர் கூடி, திட்டத்துக்கென்று ஒரு சாசனம் எழுதினார்கள். அதன்படி தேர்தல் நடந்து, ஏழு பேர் கொண்ட வழிநடத்தும் குழு அதே ஆண்டின் பிற்பகுதியில் அமைந்தது.

யார் சரி, யார் தப்பு என்று நான் இங்கே தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா இந்தக் கதையைப் படிக்கும்போது என் மைக் ஞாபகம்தான் வந்தது. இருபது வருஷமா அந்தத் திட்டம் ஓடியது, சிலர் மனதில் இருந்த பழக்கத்தின் மேல். யார் எதைச் செய்யலாம் என்பது எழுதப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நின்றபோதுதான், எதனால் ஓடியது என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் எதையும் அனுமானத்துக்கு விடாதே என்று சொல்லிக்கொடுத்தவர்களுக்கும், தங்களுக்குள் உள்ள ஏற்பாட்டை எழுதி வைக்க அவ்வளவு காலம் ஆச்சு.

உங்களை எல்லாம் நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன். என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்ல. ஆனா ஒரு சின்ன வேலை செய்யுங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டைத் திறந்து, உங்க லேப்டாப்பை உங்க லேப்டாப்பா ஆக்குற விஷயங்களை எழுதுங்க. என்னென்ன சாஃப்ட்வேர், எந்தெந்த செட்டிங், ஒவ்வொன்றும் எதுக்காக. பத்து வரி வந்தாலே போதும். நான் முதல் முறை எழுதியபோது ஏழாவது வரியிலேயே மாட்டிக்கிட்டேன். ஏன் அந்த செட்டிங்கைப் போட்டேன்னு இன்னும் தெரியல. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன்.

உங்க பட்டியல்ல எத்தனை கேள்விக்குறி வருதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.